உயிலங்குளமும் கலப்புப் பயிர்ச்செய்கையும்: விவசாயப் போதனையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மன்னார்த் தீவிலிருந்து தாம்போதியைக் கடந்து, மதவாச்சி வீதி வழியே முருங்கனை நோக்கிச் செல்வோர் உயிலங்குளத்தை ஊடறுத்தே செல்லவேண்டும். அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வூர்ப் பெயர் முதலில் நினைவூட்டுவது ஒரு சோதனைச் சாவடியையே. 2002ஆம் ஆண்டின் யுத்தநிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையே அமைந்த போக்குவரத்து வாயில்களுள் ஒன்றாக உயிலங்குளம் விளங்கியது. ஆயின் ஊரின் பெயர் உணர்த்துவது வேறொன்று. உசில் எனவும் உயில் எனவும் வழங்கும் மரத்தினடியாக இப்பெயர் பிறந்தது போலும். மரப்பெயரும் குளமும் இணைந்த ஊர்ப்பெயர்கள் வன்னியெங்கும் மலிந்து கிடக்கின்றன. குளத்தைக் கட்டி, குளத்தின் கீழ் வயலையும் குளத்தின் மேற் காட்டையும் வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் முகவரிகள் அவை.

இன்று அப்பகுதியிற் சிறு கமக்காரருக்குப் பயிற்சி வழங்குவோர் உச்சரிக்கும் சொற்கள் புதியன: காலநிலை மாற்றத்தைத் தாங்கும் விவசாயம், நிலைபேறான வேளாண்மை, கலப்புப் பயிர்ச்செய்கை. இச்சொற்களின் பின்னாலுள்ள அக்கறையை நாம் ஐயுறவில்லை. ஆனால் இப்பயிற்சிகள் கமக்காரனை ஏதுமறியாதவனாகக் கொண்டு தொடங்குமாயின், அங்கே வரலாறு பற்றிய ஒரு மறதி தொழிற்படுகின்றது என்பதைச் சுட்டாதிருத்தல் இயலாது. உலர்வலயத்துக் கமக்காரன் கலப்புப் பயிர் செய்வதை விட்டது எப்போது? அவன் விட்டானா, விடச் செய்யப்பட்டானா? அவனுக்குப் போதித்தோர் காலத்துக்குக் காலம் எதைப் போதித்தனர்? இவ்வினாக்களை முன்வைத்தே இக்கட்டுரை அமைகின்றது.

முதலில் நிலத்தையும் நீரையும் நோக்குவோம். மன்னார் மாவட்டம் இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆண்டொன்றுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கிடைக்கின்றது. எஞ்சிய மாதங்களில் நிலம் வெடித்துக் கிடக்கும். வெடித்துக் கிடத்தல் என்பது இங்கு உருவகமன்று. முருங்கனைச் சூழ்ந்த பகுதியின் கரிய களிமண், நீரை உண்டாற் பருத்து, காய்ந்தாற் சுருங்கி ஆழமாகப் பிளக்கும் இயல்பினது. மழையில் அதனுள் ஏர் இறங்காது. கோடையில் அது கல்லாகும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்கு வேண்டிய களிமண் முருங்கனிலிருந்தே புகையிரதத்தில் ஏற்றிச் செல்லப்பட்டது. சீமெந்துக்கு உகந்த மண்ணில் நெல்லும் உழுந்தும் விளைவித்தவர்களின் மண்ணறிவு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

இம்மண்ணிற் குடியிருப்பு மிகத் தொன்மையானது. மாந்தைத் துறைமுகத்தில் நிகழ்ந்த அகழ்வாய்வுகளிற் கிடைத்த தாவர எச்சங்களை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, அங்கு மிளகும் கராம்பும் கிடைத்தமையை அறிவித்துப் பலரது கவனத்தை ஈர்த்தது. வணிக வரலாற்றாளர் மிளகைக் கண்டு மகிழ்ந்தனர். நமது நோக்கில் முக்கியமானது அங்கு மிகுதியாகக் கிடைத்த நெல்லே. கடல் கடந்து வந்த வணிகருக்கும் மாலுமிக்கும் சோறிட்ட வயல்கள், துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த இச்சமவெளியிலேயே இருந்திருத்தல் வேண்டும் எனக் கருத இடமுண்டு.

அவ்வயல்களின் பிற்கால வரலாறு கட்டுக்கரைக்குளத்தோடு பிணைந்தது. அநுராதபுரத்தைத் தழுவி வரும் மல்வத்து ஓயா மன்னார்ப் பெருநிலத்தில் அருவியாறு எனப் பெயர் பெறுகின்றது. தேக்கம் எனும் இடத்திலுள்ள கல்லணை அதன் நீரை மறித்து வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக்கு அனுப்புகின்றது. குளத்தின் தோற்றத்தைத் தாதுசேனனின் 5ஆம் நூற்றாண்டுக்கும், அதன் திருத்தத்தைப் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக்கும் உரியதாகக் கூறுவது மரபு. 2016ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கட்டுக்கரைப் பகுதியில் நடத்திய அகழ்வாய்வுகள், பெருங்குளத்துக்கும் முற்பட்ட மக்கள் வாழ்வு பற்றிய வினாக்களை எழுப்பியுள்ளன. மன்னரின் பெயரை மட்டும் கூறி வரலாற்றை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது. மண்ணைச் சுமந்தோர் யார், கட்டிய பின் மதகைக் காத்தோர் யார் என்பதைக் கேட்கும் போதுதான் சமூக வரலாறு தொடங்குகின்றது.

கட்டுக்கரையின் சிறப்பு அதன் பருமனில் மட்டும் தங்கியதன்று. அது நேரே வயலுக்கு நீர் பாய்ச்சுவதோடு, தன் கீழுள்ள நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களையும் நிரப்புகின்றது. ஊர்களின் பெயர்களிலுள்ள குளங்கள் பல இவையே. பெருங்குளத்திலிருந்து வரும் நீரைச் சிறு குளம் ஏந்திக்கொள்ளும். மேலிருந்து வழியும் நீரைக் கீழுள்ள குளம் ஏந்திக்கொள்ளும். நீர் ஒரு முறை கடலை நோக்கி ஓடுவதற்குள் பல முறை பயன்படும். உலர்வலயத்துச் சிறு குளங்கள் தனித்தனி அலகுகளல்ல, ஒன்றோடொன்று தொடர்ந்த வலையமைப்பு என்னும் கருத்தைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் ஆய்வுலகில் வலியுறுத்தினார். 2017இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் இலங்கை உலர்வலயத்தின் குளத்தொடர்க் கிராம முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஊர்க் கமக்காரர் நெடுங்காலமாக அறிந்திருந்த ஒன்று ஆய்வாளர் வாயிலாக ஆவணமேறுவதற்கு எத்துணைக் காலம் சென்றது!

இவ்விடத்தில் ஒரு பழங்கதையைச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. நமது பொருளின் சாரம் அதிலேயே அடங்கியிருக்கின்றது என நாம் கருதுகின்றோம். ஒல்லாந்தர் காலத்திலேயே கட்டுக்கரையைத் திருத்தும் எண்ணம் எழுந்தது. வன்னியை நிருவகித்த தோமஸ் நாகெல் 1793இல் அப்பிரதேசம் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். பிரித்தானியர் வந்தபின் 1807இல் பொறியியலாளர் ஷ்னைடர் இக்குளத்தை ஆராய்ந்தார். பின்னர் எடுக்கப்பட்ட மட்ட அளவைகள், ஆற்றிலிருந்து குளத்துக்கு நீர் ஏறாது எனக் காட்டின. இத்தனை பெரிய அணையைக் கட்டிய பண்டைய பொறியியலாளர் மட்டத்தைக் கணிப்பதிற் தவறினர், ஆதலால் இக்குளம் பயனற்ற முயற்சியாகப் போயிற்று என்னும் கருத்து இதனால் எழுந்தது. 1859இல் வெளிவந்த எமர்சன் தென்னன்றின் புகழ்பெற்ற நூல் அக்கருத்தைப் பரப்பியது. பல்லாண்டுகளின் பின் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் மீண்டும் அளந்தார். தவறு பழையவர்களுடையதன்று, புதிய அளவையினுடையது என்பது அப்போது வெளிப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிற் குளம் திருத்தப்பட்டது, நீரும் வந்தது, இன்றும் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் அதன் கீழ் உள்ளன.

அளக்க வந்தவன் தன் கருவியை ஐயுறாது, அளக்கப்பட்டதை ஐயுற்றான். விவசாயப் போதனையின் வரலாற்றிலும் இதே மனப்பாங்கு வேறு வேறு உருவங்களில் மீள மீளத் தோன்றுவதைக் காணலாம்.

வயலை விட்டு மேட்டு நிலத்துக்கு வருவோம். கலப்புப் பயிர்ச்செய்கையின் இயல்பான களம் அதுவே. உலர்வலயக் கமக்காரனின் வாழ்வு மூன்று காலில் நின்றது: குளத்தின் கீழ் வயல், வீட்டைச் சூழ்ந்த வளவு, காட்டில் வெட்டிய சேனை. வயல் நெல்லுக்குரியது. வளவில் முருங்கை, வாழை, தேசி, பனை, பூசணிக்கொடி, கத்தரி என்பன கலந்து நின்றன. சேனையிற் குரக்கன், சாமை, தினை, வரகு, சோளம் ஆகிய தானியங்களும், பயறு, உழுந்து, எள்ளு முதலியனவும் ஒரே நிலத்தில், ஒன்றன் பின் ஒன்றாகவும் ஒன்றோடொன்று கலந்தும் விதைக்கப்பட்டன. 1679இற் கண்டியிலிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், இதே மல்வத்து ஓயாவின் கரை வழியே நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தான். அவன் எழுதி 1681இல் வெளிவந்த நூலில் நெல்லுக்கு அடுத்தபடியாகக் குரக்கன், தினை, பயறு ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றான். அவன் விவரிப்பது கண்டி இராச்சியத்தை எனினும், உலர்வலயத்தின் உணவு மரபு மொழி எல்லையையோ அரச எல்லையையோ பார்த்து மாறியதன்று.

இக்கலப்பு ஒழுங்கீனமா? காடு அழிப்போரின் சோம்பற் பயிர் என அதை எழுதிய அதிகாரிகள் பலர். ஆயின் அதன் உள்ளமைப்பை நோக்கினால் வேறொரு கணக்கு தெரிகின்றது. சாமை விரைந்து முதிர்வது. மழை முன்னரே நின்றுவிட்டால் அதுவாவது வீடு வந்து சேரும். குரக்கன் சற்றுத் தாமதித்து வரும்; வறட்சியைத் தாங்கும்; பல ஆண்டுகள் பூச்சி பிடியாது சேமிக்கக்கூடியது. உழுந்தும் பயறும் வேர் முடிச்சுகளின் வாயிலாகக் காற்றின் நைதரசனை மண்ணிற் சேர்ப்பன. பூசணியின் அகன்ற இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். எள்ளு, ஏனையவை அறுத்தபின் எஞ்சிய ஈரத்தில் முளைத்து வரும். வேர் ஆழம் வேறு, முதிரும் காலம் வேறு, நீர்த்தேவை வேறு. மழை எவ்வாறு பெய்தாலும் எல்லாம் ஒருங்கே பொய்ப்பதில்லை. மிகைவிளைவு தரும் ஆண்டை நோக்கியதன்று இம்முறை. மிகக் கெட்ட ஆண்டிற் பட்டினியைத் தவிர்ப்பதே அதன் குறிக்கோள். காலநிலையைத் தாங்குதல் என இன்று கூறப்படுவது இதனையே.

இம்முறை மறைந்தது அறியாமையாலன்று, சட்டத்தால். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடும் தரிசும் முடிக்குரியன என ஊகித்தது. கண்டி மாகாணங்களுக்குப் புறம்பான மாவட்டங்களிற் சேனை நிலங்களும் காட்டு நிலமாகவோ தரிசு நிலமாகவோ கொள்ளப்படும் என அச்சட்டமே வரையறுத்தது. மன்னார் இதன் வீச்சுள் அடங்கியது. பல ஆண்டுக்கு ஒருமுறை செய்கை பண்ணி, மண்ணை ஆற விட்டு மீளும் உழவனின் நிலம், அவன் ஆறவிட்ட காரணத்தாலேயே அவனுடையதல்லாததாயிற்று. பின்னர் சேனைக்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்றாயிற்று. பெற்றவன் ஒரு முறை வெட்டி, எரித்து, கிடைத்ததை அள்ளிக்கொண்டு அகன்றான். சேனை காட்டை அழிக்கும் முறை என்ற குற்றச்சாட்டு உண்மையானது இதன் பின்னரே என்று கூறின் அது முற்றிலும் மிகையாகாது. குடிப்பெருக்கத்தையும், தரிசுக் காலம் குறுகியதையும் நாம் மறுக்கவில்லை. எனினும் நில உரிமை பறிபோனமையைத் தவிர்த்து மண்வளச் சீரழிவைப் பேசுதல் நேர்மையான ஆய்வாகாது.

குளத்தைப் பொறுத்தவரை குடியேற்ற ஆட்சியின் போக்குச் சற்று வேறுபட்டது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், பழைய வழக்காறுகளை நிலவுடைமையாளரின் பெரும்பான்மை முடிவால் உயிர்ப்பிக்க வழி செய்தது. நெல்லிலிருந்து வரி கிடைத்தது என்பதையும் உடன் நினைவிற் கொள்ளல் வேண்டும். தானிய வரி ஒழிக்கப்பட்டது 1892இலேயே. 1888இல் மன்னார் பற்றித் தனிநூல் எழுதிய போக், 1895இல் வன்னி மாவட்டங்களின் கைந்நூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் போன்ற அதிகாரிகளின் எழுத்துகள் நமக்கு இன்றும் இன்றியமையாத சான்றுகள். அவர்கள் ஊரவரிடம் கேட்டு எழுதினர். கேட்டவற்றை நிருவாகம் எவ்வளவு தூரம் செவிமடுத்தது என்பது தனிக் கேள்வி.

முறையான விவசாயப் போதனை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. பாடசாலைத் தோட்டங்கள், 1904இல் அமைந்த இலங்கை விவசாயச் சங்கம், 1912இல் உருவான விவசாயத் திணைக்களம், 1916இற் பேராதனையில் தொடங்கிய விவசாயப் பாடசாலை என அது வளர்ந்தது. விவசாயப் போதனாசிரியர் என்னும் பதவிப் பெயரை நமது கிராமங்கள் அறிந்தது இவ்வழியே. போதனாசிரியர் என்ற சொல்லே உறவின் தன்மையைக் கூறிவிடுகின்றது: ஒருவர் போதிப்பவர், மற்றவர் கேட்பவர். இப்பதவியில் அமர்ந்து, சேறு மிதித்து, கமக்காரனோடு கமக்காரனாக உழைத்தோர் பலர் என்பதையும் நாம் அறிவோம். குறை தனிமனிதரிடமன்று, அவர் கையிற் கொடுக்கப்பட்ட பாடத்திலேயே இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் அப்பாடம் ஒரே சொல்லாயிற்று: நெல். உத்தரவாத விலை நெல்லுக்கே முதன்மையளித்தது. 1962 முதல் இரசாயன உரத்துக்கு மானியம் வந்தது. புதிய நெல்லினங்கள் வந்தன. இவற்றால் விளைவு பெருகியதென்பது வரலாற்றுண்மை. நாட்டின் அரிசி இறக்குமதி குறைந்ததும் உண்மை. பழைய இனங்களெல்லாம் அமிர்தம், புதியனவெல்லாம் நஞ்சு என்று பேசுவோருடன் நாம் உடன்படவில்லை. 1950களின் பிற்பகுதியிற் பரவிய எச்-4 என்னும் கலப்பினத்தின் பெற்றோருள் ஒன்று முருங்கைக்காயன் என்னும் நாட்டு நெல். பின்னர் வெளிவந்த, உவர் தாங்கும் அற் 354 என்னும் இனத்தின் பெற்றோருள் ஒன்று கேரளக் கடலோர உவர்நிலங்களின் பொக்காளி. ஆராய்ச்சி நிலையம் பெயரிட்டு வழங்கிய இனங்களுக்குள் பெயர் தெரியாத உழவர் தலைமுறைகளின் தெரிவு ஒளிந்திருக்கின்றது. மாந்தையை ஒட்டிய தாழ்நிலங்களில் உவர் ஏறும் வயல்களை உடையோர்க்கு இச்செய்தி ஆராய்ச்சிச் சுவைக்குரியது மட்டுமன்று.

நெல்லுக்குக் கிடைத்த கவனம் மேட்டு நிலப் பயிருக்குக் கிடைக்கவில்லை என்பதே நமது முறைப்பாடு. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் 1950களில் ஏர்னஸ்ட் அபேரத்ன முதலியோர் மானாவாரி மேட்டு நிலச் செய்கை பற்றி ஆராய்ந்தனர். சேனைக்கு மாற்றாக நிலையான மேட்டு நிலக் கமம் இயலுமா என்பதே அவர்களது வினா. அது சரியான வினா. ஆனால் அதன் விடைகள் பண்ணையின் வேலியைத் தாண்டி உயிலங்குளம் போன்ற ஊர்களை அடைவதற்கான விலையோ கடனோ சந்தையோ அமையவில்லை.

விலை எத்துணை வலிய ஆசிரியன் என்பதை 1970 முதல் 1977 வரையுள்ள காலம் காட்டியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மைசூர்ப் பருப்பு, வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. நகரத்தார் வரிசையில் நின்று துன்புற்ற அக்காலத்தில், வடபகுதிக் கமக்காரர் மேட்டு நிலத்தை மீண்டும் பயிருக்குக் கொண்டுவந்தனர். உழுந்துக்கும் பயறுக்கும் விலை கிடைத்தது. எந்தப் போதனாசிரியரும் வந்து வற்புறுத்தத் தேவையிருக்கவில்லை. 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் அவ்விலை சரிந்தது. கமக்காரன் மீண்டும் நெல்லுக்கே திரும்பினான். அவன் பயிற்சியை மறந்துவிட்டானென்று அறிக்கை எழுதுவோர் சந்தையை மறந்துவிட்டனர் என்றே கொள்ளல் வேண்டும்.

அதற்கடுத்த காலத்தில் உலக வங்கியின் ஆதரவோடு 'பயிற்சியும் விஜயமும்' என்ற முறை இலங்கைக்கு வந்தது. தானியேல் பெனோர் வகுத்த அம்முறையிற் கிராம மட்ட உத்தியோகத்தர் குறித்த நாளிற் குறித்த கமக்காரரைச் சந்தித்து, மேலிருந்து வந்த செய்தியைக் கூறுவர். அவர்கள் பிறருக்குக் கூறுவர். செய்தி ஒரே வகை நிலத்துக்கும் ஒரே பயிருக்கும் உரியதாயின் இம்முறை ஒருவாறு இயங்கும். கலப்புப் பயிருக்கு இது பொருந்தாது. ஒரே ஊரில் மேற்குளத்துக் காணிக்கும் கடைவாய்க்காற் காணிக்கும் ஒரே செய்தி உதவாதே. பின்னர் 1980களின் இறுதியில் அக்கிராம மட்ட உத்தியோகத்தர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கிராம சேவை நிருவாகத்துக்கு மாற்றப்பட்டனர். செய்தி பொருத்தமோ இல்லையோ, அதைக் கொண்டுவரும் ஆளே இல்லாது போயிற்று. வடபகுதிக்கு அவ்விழப்பும் போரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன.

போர் விவசாயத்துக்குச் செய்ததை ஏக்கர்க் கணக்கால் மட்டும் அளக்க முடியாது. 1990 முதல் இடம்பெயர்வு மன்னார் மக்களின் வாழ்வாயிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் முற்றாக வெளியேற்றப்பட்டனர். மன்னார்ப் பெருநிலத்தின் வயற்பரப்பு 2008இல் இராணுவ அறிக்கைகளில் 'நெற்கிண்ணம்' என்ற பெயரிற் போர்க்களமாக இடம்பெற்றது. இடம்பெயரும் குடும்பம் நகையையும் உறுதியையும் எடுத்துச் செல்லும். விதைக் குரக்கனை எத்தனை முறை எடுத்துச் செல்ல முடியும்? விதை காலத்துக்குக் காலம் விதைக்கப்பட்டாலன்றி உயிர் வாழாது. சாம்பல் கலந்து குடுவையில் வைத்தும், கதிராகக் கட்டி அடுப்புப் புகையில் தொங்கவிட்டும் விதையைக் காத்தோர் பெரும்பாலும் பெண்களே. எந்த விதை எந்தத் தறைக்கு ஏற்றது என்ற அறிவு தாயிடமிருந்து மகளுக்கு வளவிலேயே கைமாறியது. வளவு பல்லாண்டு ஆளற்றுக் கிடந்தபோது அக்கைமாற்றமும் அறுந்தது. 2009இன் பின் மீளக்குடியமர்ந்தோர்க்கு விதைநெல்லும் உரமும் வழங்கப்பட்டன, அவை வேண்டப்பட்டனவே. ஆனால் அறுந்த அறிவை மூட்டையிற் கட்டி வழங்குதல் எவ்வாறு?

மீளக்குடியமர்ந்த பின்னரும் வானம் இசைந்து போகவில்லை. 2016–17இல் நாற்பதாண்டு காணாத கடும் வறட்சி உலர்வலயத்தைத் தாக்கியது. 2020 டிசெம்பரிற் புரெவிப் புயல் வடமாகாணத்தைக் கடந்து மன்னார் வழியே சென்றது. ஒரு பயிரையே நம்பிய குடும்பத்துக்கு வறட்சியும் வெள்ளமும் ஒன்றே: இரண்டிலும் கடன் மிஞ்சுகின்றது.

இவற்றுக்கு மேலாக 2021இல் நிகழ்ந்தது அரசியற் புயல். அவ்வாண்டு ஏப்ரில் மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதியை நிறுத்தும் முடிவு அறிவிக்கப்பட்டு, மே மாதத்தில் வர்த்தமானியில் வெளிவந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் சேதன விவசாயத்துக்கு மாற வேண்டுமெனக் கட்டளையிடப்பட்டது. நவம்பர் மாதத்தில் அது தளர்த்தப்பட்டதாயினும், காலபோகம் அதற்குள் விதைக்கப்பட்டுவிட்டது. விளைவு கடுமையாக வீழ்ந்தது. சேதன விவசாயத்தின் மீது பரிவுடையோர்க்கு இந்நிகழ்வு ஒரு பெருந்துயரம், ஏனெனில் நல்ல கருத்தொன்று கட்டளையாக வந்ததால் ஒரு தலைமுறைக்கே வெறுப்புக்குரியதாயிற்று. இதனை இந்தோனேசியாவின் அனுபவத்தோடு ஒப்பிடுதல் பயன்தரும். அங்கும் 1986இல் சனாதிபதியின் கட்டளை மூலம் நெல்லுக்கான 57 பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டன. ஆனால் மானியம் படிப்படியாக நீக்கப்பட்டது. 1989 முதல் உழவர் வயற்பாடசாலைகள் தொடங்கின. உழவர் கிழமைதோறும் வயலிற் கூடி, பூச்சியை எண்ணி, பகைப்பூச்சி எது நட்புப்பூச்சி எது எனத் தாமே வரைந்து விவாதித்து முடிவெடுத்தனர். ஆசிரியன் சொன்னதைக் கேட்டவர்களல்லர், கண்டறிந்ததைப் பேசியவர்கள். அம்முறை பின்னர் இலங்கைக்கும் வந்தது. ஆனால் 2021இன் கட்டளைக்கு முன் அதை நாடளாவப் பயன்படுத்த வேண்டுமென எவருக்கும் தோன்றவில்லை.

இனிப் பயிற்சி என்பது எவ்வாறு அமையலாம் என்ற வினாவுக்கு, தெலுங்கானாவின் முன்னாள் மேதக் மாவட்டத்திலுள்ள பஸ்தாப்பூரில் 1983 முதல் இயங்கும் தக்காண அபிவிருத்திச் சங்கத்தின் அனுபவம் ஒரு விடை தருகின்றது. அங்கே தலித் பெண்களின் சங்கங்கள், ஒரே சிறுநிலத்தில் இருபது வகைப் பயிர் வரை கலந்து விதைக்கும் பழைய முறையை மீட்டெடுத்தன. விதை வங்கி அமைத்தன. அதில் இரண்டு செய்திகள் மனங்கொள்ளத்தக்கவை. முதலாவது, தரிசாய்க் கிடந்த நிலத்தைத் திருத்த அவர்களுக்குக் கடனும் வேலையும் கிடைத்தன. இரண்டாவது, விளைந்த சிறுதானியத்தை ஊரிலேயே சேமித்து ஊருக்கே பங்கிடும் ஒழுங்கு அமைந்தது. நிலமும் கொள்வோரும் உறுதியான பின்பே விதை பேசியது.

நமது பகுதியில் நிலம் எவர் கையில் உள்ளது என்பதை இங்கு கேட்காதிருக்க முடியாது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பிலிப் குணவர்தனவின் முயற்சியால், குத்தகைக் கமக்காரனுக்குக் காணியில் நிலைபேறு தரவும் நிலவுடைமையாளன் பெறும் பங்கை விளைவின் நாலிலொரு பங்குக்கு மிகாது கட்டுப்படுத்தவும் முனைந்தது. வெல்விதானைமாரின் ஆட்சியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்ததும் அச்சட்டமே. முற்போக்காளர் அதனைப் போற்றியது நியாயமே. ஆயினும் அது நெற்காணிக்குரிய சட்டம். மேட்டு நிலக் குத்தகையை அது தொடவில்லை. அடுத்த போகம் இக்காணி தனக்குக் கிடைக்குமோ என்றறியாதவன், மூன்றாண்டு கழித்துப் பலன் தரும் மரத்தையோ மண்ணை வளப்படுத்தும் பயிரையோ ஏன் நடவேண்டும்? பயிற்சிக் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்போர் உறுதியுடையோராகவும், உண்மையிற் செய்கை பண்ணுவோர் வாசலில் நிற்போராகவும் அமைவதை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களிடமிருந்து எழும் கேள்விகள் எந்தப் பயிரை எதனோடு கலப்பது என்பதாயிருப்பதில்லை. கடைவாய்க்காலுக்கு நீர் வருமா, கட்டாக்காலி மாடுகளுக்கு வேலி அடைப்பது யார், பயற்றை எவர் வாங்குவர் என்பனவே அவை. இக்கேள்விகள் பாடத்திட்டத்துக்குப் புறம்பானவை எனத் தள்ளப்படும்போது பாடமும் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

மாட்டைப் பற்றிய கேள்வி அற்பமாகத் தோன்றலாம், அற்பமன்று. காலபோக அறுவடை முடிந்ததும் வயலெங்கும் மாடுகள் மேய்வது நீண்டகால வழக்கு. மாசி பங்குனியில், ஈரம் மண்ணுள் எஞ்சியிருக்கையிற் பயறோ உழுந்தோ எள்ளோ விதைத்துச் சித்திரை வைகாசியில் எடுத்துவிடலாம் என்பது காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடைப்பட்ட பருவத்துக்காக இன்று பரிந்துரைக்கப்படும் முறை. காவேரிக் கழிமுகத்து உழவர் நெல் அறுக்குமுன்னரே அவ்வயலில் உழுந்தும் பயறும் தூவுவது நன்கறியப்பட்டது. கரிய களிமண்ணின் ஈரம் பிடிக்கும் இயல்பு இதற்கு ஏற்றதே. ஆனால் ஒருவன் மட்டும் விதைத்தால் ஊர் மாடெல்லாம் அவன் வயலிலேயே நிற்கும். ஊர் முழுதும் ஒருங்கே முடிவு செய்து மேய்ச்சலுக்கு வேறிடம் ஒதுக்கினாலன்றி இது கைகூடாது. அதாவது, கலப்புப் பயிர்ச்செய்கை தனி உழவனுக்குக் கற்பிக்கும் நுட்பமன்று, ஊர்க்கூட்டத்தின் தீர்மானம்.

அவ்வகைத் தீர்மானத்துக்கு நமது மரபில் இடமுண்டு. குளத்து நீர் குறைந்த ஆண்டுகளில், சிறுபோகத்துக்கு வயற்பரப்பின் ஒரு பகுதியை மட்டும் தெரிந்து, அதனைப் பங்காளிகள் தமக்குள் பகிர்ந்து செய்கை பண்ணும் ஒழுங்கு உலர்வலயமெங்கும் இருந்தது. சிங்களக் கிராமங்கள் இதனைப் பெத்ம என்பர். இன்றும் போகத் தொடக்கத்திற் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால், எந்நாளில் நீர் திறப்பு என்பன முடிவாகின்றன. எந்த மேட்டில் எந்தப் பயிர், எத்திகதி வரை மாடு கட்டுவது என்பனவும் அக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏறுவதற்குத் தடையேதுமில்லை.

இக்கூட்டங்களின் பழைய அறிக்கைப் புத்தகங்கள் பல போரில் அழிந்திருக்கலாம். சில அலுமாரிகளில் இன்னும் இருக்கலாம். சேனையிற் சாமை விதைத்த கை இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்களின் கை. எந்த மாதத்தில், எந்த மழைக்குப் பின், எதனோடு எதனைக் கலந்தனர், எந்த விதையை எத்தனை நாள் புகையில் வைத்தனர், எந்தத் தறையை எத்தனை ஆண்டு ஆறவிட்டனர் என்பவற்றை ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்யும் பணியைப் புவியியல், வரலாறு, விவசாயம் ஆகிய துறைகளின் மாணவர் இணைந்து மேற்கொள்ளல் வேண்டும். உயிலங்குளத்திலிருந்து முருங்கன், நானாட்டான் வரையுள்ள சிறு குளங்களைக் கொண்டே அதனைத் தொடங்கலாம். வரும் காலபோகக் கூட்டம் அதற்கு ஏற்ற தருணம்.